மிஸ்ஸியின் அபிப்பிராயம்

எங்கள் மிஸ்ஸிக்கு எந்தத் தாயையும் பிடிக்காது.

வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்களைப் பிடிக்கும். பிறந்த பிள்ளையைப் பிடிக்கும். பிள்ளை தாயின் கைக்குப் போன நிமிடத்திலிருந்து அந்தத் தாய் அவருக்குச் சந்தேகத்துக்குரிய ஆள். என் மகள் பிறந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவளைத் துடைத்து என் பக்கத்தில் கிடத்திவிட்டு மிஸ்ஸி சொன்னார்: "பெத்துப்போட்டாய். இனி என்ன செய்யப்போறாய் எண்டு பாப்பம்."

எங்கள் பக்கத்தில் தாதிமாரையும் மருத்துவிச்சிமாரையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் உரும்பிராய்க்கு மாற்றலாகி வந்த அரசாங்க மருத்துவிச்சி. சொந்த இடம் குருநகர். தகப்பன் கடற்றொழில் செய்தவர். எங்கள் ஊரில் ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். வயது ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். கழுத்தில் சின்னதாக ஒரு வெள்ளிச் சிலுவை. முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். கூடைக்குள் மருந்துப் பெட்டி, அதற்கு மேல், மழை படாமல் பொலித்தீனில் சுற்றிய ஒரு மர்ம நாவல்.

அவர் ஏசுவது இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் கேட்கும். காதுக்குள் எண்ணெய் விட்டவளுக்கு ஏச்சு. பிள்ளையைக் கிணற்றுக்கட்டில் இருத்தி உடுப்புத் தோய்த்தவளுக்கு ஏச்சு. ஊசி போடுகிற நாளை மறந்தவளுக்கு, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுநாள் ஓடி வந்தாலும், ஏச்சு. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவர் ஏசி நான் பார்த்ததில்லை. ஏசிக்கொண்டே தண்ணீர் கொதிக்கவைப்பார், ஏசிக்கொண்டே பிள்ளையின் காதைப் பஞ்சால் துடைப்பார். வேலை முடியும்போது ஏச்சும் முடியும். பிறகு ஒரு சொல் இருக்காது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

ஒருமுறை நிறை பார்க்கிற நாளில், சனசமூக நிலையத்து விறாந்தையில் பெண்கள் பிள்ளைகளோடு வரிசையாக இருந்தார்கள். மிஸ்ஸியிடம் நன்றாக ஏச்சு வாங்கிய ஒருத்தி எழும்பி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டாள்: "பெறாதவைக்கு என்ன தெரியும் பெத்தவளின்ரை கரைச்சல்?"

மிஸ்ஸி தராசில் தொங்கிய பிள்ளையின் நிறையைப் பார்த்து அட்டையில் குறித்தார். பிள்ளையை இறக்கினார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"பெறாதபடியால்தான் எனக்கு இரவிலை நித்திரை வருது. நித்திரை கொண்டபடியால்தான் உன்ரை பிள்ளைக்குப் போன மாசத்திலும் பாக்கக் கால் றாத்தல் குறைஞ்சிருக்கிறது என்ரை கண்ணிலை படுது. இந்தா, சத்துமா. காலமையும் பின்னேரமும் குடு."

அவருக்குக் கலியாணம் ஆகவில்லையா, ஆகி ஏதும் நடந்ததா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கிற துணிவும் ஒருவருக்கும் இல்லை.

என் மகள் தர்சினி பிறந்தது இந்திய இராணுவம் இருந்த காலத்தில், ஊரடங்கு போட்டிருந்த ஒரு மத்தியானத்தில். என் கணவருக்கு வவுனியாவில் வேலை. அன்று அவர் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு மாமி வேலிகளில் ஆள் நுழைகிற பொட்டுக்களால் புகுந்து புகுந்து போய் மிஸ்ஸிக்குச் சொல்லியிருக்கிறார். மிஸ்ஸி பொட்டுக்களால் வரவில்லை. றோட்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சந்தியில் சென்றிக் காவலுக்கு நின்ற ஆமிக்காரன் மறித்திருக்கிறான். தமிழ் தெரிந்தவன். எங்கே போகிறாய், பெட்டிக்குள் என்ன என்று கேட்டிருக்கிறான்.

"உன்ரை கொம்மாவும் என்னைப்போல ஒருத்தியிட்டை ஏச்சு வாங்கித்தான் உன்னைப் பெத்திருப்பாள், வழியை விடு எண்டனான்" என்று, என் வயிற்றை அமத்திக்கொண்டே மிஸ்ஸி சொன்னார். அதை வீரமாகச் சொல்லவில்லை. முறைப்பாடாகத்தான் சொன்னார். "பன்ரெண்டு நிமிசம் மெனக்கெடுத்திப்போட்டான். நீ ஏன் பல்லைக் கடிக்கிறாய்? மூச்சை விடு!"

அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் மர்ம நாவல் வாசிப்பது என்று அவரே சொல்வார். அதனால்தான் எனக்கும் அவருக்கும் பிரசவத்துக்கு அப்பாலும் தொடர்பு இருந்தது. சனசமூக நிலையத்துப் புத்தக அலுமாரியின் சாவி என்னிடம் இருந்தது. பின்னேரங்களில் இரண்டு மணித்தியாலம் அலுமாரியைத் திறந்து வைப்பேன். சம்பளம் இல்லாத வேலை. போரினால் தெற்கிலிருந்து வருகிற பாதையைப் பூட்டிய பிறகு புதுப் புத்தகம் ஒன்றும் வரவில்லை. மின்சாரம் இல்லை, பத்திரிகைகூட அப்பியாசக் கொப்பித் தாளில்தான் அச்சாகி வந்தது. இருந்த புத்தகங்களையே சனம் திரும்பத் திரும்ப வாசித்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு தாளை ஒட்டி 'வாசகர் அபிப்பிராயம்' என்று தலைப்புப் போட்டு வைத்தது என் யோசனை. தாள் தட்டுப்பாடு, ஆளுக்கு மூன்று வரிக்கு மேல் எழுதக்கூடாது என்பது விதி.

எங்கள் அலுமாரியில் அதிகம் தேய்ந்த புத்தகம் ஒரு பிள்ளை தொலைந்துபோகிற கதை. மலைநாட்டுக்கு உல்லாசம் போகிறது ஒரு குடும்பம். தாய் ஒரு கடை வாசலில் சால்வை பார்த்துக்கொண்டு நிற்கிறாள். திரும்பிப் பார்த்தால் ஐந்து வயதுப் பெண்பிள்ளையைக் காணவில்லை. பின்னால் பெருங்காடு. பிறகு முந்நூறு பக்கத்துக்குத் தேடுகிறார்கள். தகப்பனில் சந்தேகம், சமையற்காரனில் சந்தேகம், கடைக்காரனில் சந்தேகம். நாலாம் நாள் ஆடு மேய்க்கிற ஒருவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அந்தப் புத்தகத்துக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்து எடுத்துப் போனார்கள்.

பின்னட்டைத் தாள் நிரம்பி, இரண்டாம் தாள் ஒட்டினேன். 'இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் இல்லை, கிழித்தவர் தரவும்' என்று ஒருவர். 'சமையற்காரன்தான் செய்தான் என்று முதலே எனக்குத் தெரியும்' என்று உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி. சமையற்காரன் ஒன்றும் செய்யவில்லை என்பது வேறு கதை. 'கண்ணீர் விட்டேன்' என்று பலர். இளைப்பாறிய ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் தனியாக இருந்தார். ரயில் நின்றுபோனதிலிருந்து அவருக்குப் பொழுது போக்கக் கதைப் புத்தகம்தான். அவர் எழுதினார்: 'தேடுகிறவர்கள் எல்லோரும் காட்டுக்குள் ஓடுகிறார்கள். ஒருவராவது பிள்ளை தொலைந்த இடத்தில் நிற்க வேண்டாமா? பிள்ளை திரும்பி வந்தால் யார் இருப்பது?'

நான் எழுதியது: 'தாய் பாவம். இது யாருக்கும் நடக்கலாம்.'

மிஸ்ஸி புத்தகத்தை இரண்டு நாளில் வாசித்து முடித்துக் கொண்டுவந்தார். சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தார், விதியை மீறி ஆறு வரி. 'மூன்று நாள் தண்ணீர் குடியாத பிள்ளை நாலாம் நாள் ஓடிவந்து அம்மா என்று கட்டிப்பிடிக்காது. எழுதினவர் பிள்ளை வளர்த்தவரல்ல. கள்ளனைத் தேடி முந்நூறு பக்கம் வீண். கள்ளி முதலாம் பக்கத்திலேயே சால்வையோடு நிற்கிறாள்.' அதோடு விடவில்லை. என் வரிக்குக் கீழே, நெருக்கி: 'யாருக்கும் நடக்காது. கையை விடுகிறவளுக்குத்தான் நடக்கும்.'

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"மிஸ்ஸி, இது கதைதானே" என்றேன்.

"கதையிலை எண்டால் மட்டும் கையை விடலாமோ?"

அன்று ஸ்டேசன் மாஸ்டரும் அங்கே நின்றார். "அவள் ஒரு நிமிசம்தான் திரும்பினவள், மிஸ்ஸி. ஒரு நிமிசம் ஆரும் திரும்புவினம்" என்றார்.

"நீங்கள் ரயிலைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கை ஒரு நிமிசம் திரும்பினால் என்ன நடக்கும்?"

"மோதும்."

"அப்ப?"

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிஸ்ஸி வேறு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். நான் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. நான் கதைக்காமல் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை.

தொண்ணூற்றைந்து ஒக்ரோபரில் எங்கள் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. பாதை பூட்டியதால் என் கணவர் வவுனியாவிலேயே நின்றார். உரும்பிராயை விட்டு அரியாலைக்கு வந்து, தெரிந்தவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்தோம். நானும், ஆறு வயதுத் தர்சினியும், மிஸ்ஸியும், மிஸ்ஸி கூட்டிவந்த ஒரு பெண்ணும். அவளுக்கு இருபது வயதுகூட இராது. நிறைமாதம். புருஷன் எங்கே என்று கேட்டால் அழுவாள், ஆகையால் ஒருவரும் கேட்பதில்லை. சில நாளில் அங்கேயும் இருக்க முடியாமல் போயிற்று. எல்லோரும் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போகட்டும் என்று பின்னேரம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊர் முழுவதும் ஒரே றோட்டில் இறங்கியது.

அந்த நடையைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு நினைவிருப்பது களைப்புத்தான். மழை. ஓர் அடி வைத்து நிற்பது, பிறகு இன்னோர் அடி வைப்பது. விடிந்து பார்த்தபோதும் நாங்கள் செம்மணி வெளியில்தான் நின்றோம். நாவற்குழிப் பாலம் கண்ணுக்குத் தெரிந்தது, கிட்ட வரவில்லை. மிஸ்ஸி தன் சைக்கிளின் பின்கரியரில் அந்தப் பெண்ணை இருத்தி உருட்டிக்கொண்டு எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் போனார். அவளுக்கு விடியப்புறமே பிரசவ நோ தொடங்கிவிட்டது. நான் என் சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி ஒரு கையால் உருட்டினேன். மறு கையில் தர்சினி.

பின்னால் ஒரு டிரக்டர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. சனம் இடித்தது. என் சைக்கிள் சரிந்து ஒரு பை அறுந்து விழுந்தது. அதற்குள் இரண்டு கொத்து அரிசியும் தர்சினியின் சட்டைகளும் இருந்தன. குனிந்து எடுத்தேன். குனிவதற்காகக் கையை விட்டேன். நிமிர்ந்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பெயர் சொல்லிக் கத்தினேன். அங்கே எல்லோரும் யாரோ ஒருவருடைய பெயரைக் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். திரும்பிப் போகப் பார்த்தேன், சனம் விடவில்லை. சைக்கிளை எங்கே விட்டேன் என்று தெரியாது. பை மட்டும் கையில் இருந்தது. சனம் என்னைத் தள்ளித் தள்ளிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டது. றோட்டோரம் ஒரு பூவரச மரத்தடியில் மிஸ்ஸி அந்தப் பெண்ணைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தார்.

மிஸ்ஸி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

நான் காத்துக்கொண்டு நின்றேன். மெய்யாகத்தான் சொல்கிறேன், பிள்ளையைக் காணாத அந்த நேரத்திலும் என் மனதின் ஒரு மூலை அந்தச் சிவப்புப் பென்சில் வரிக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"என்ன நிறச் சட்டை?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"மஞ்சள்."

"செருப்பு?"

"இல்லை. சேத்துக்குள்ளை புதைஞ்சு போட்டுது."

"கடைசியா என்ன தின்னக் குடுத்தனீ?"

"பாணும் சீனியும். இரவு."

"பேர் கேட்டால் உன்ரை பேர் சொல்லுவாளோ, அம்மா எண்டு சொல்லிக்கொண்டு நிப்பாளோ?"

எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைக்கு என் பெயர் தெரியுமா என்பது எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. மிஸ்ஸி அழ விடவில்லை, ஏசவும் இல்லை. பாலம் முடிகிற இடத்தைக் காட்டினார்.

"நீ இதிலையே நில்லு. ஆர் கூப்பிட்டாலும் அசையாதை. பின்னாலை நிண்டால் இதாலைதான் வரவேணும். முன்னாலை போயிருந்தாள் எண்டால் நான் பாக்கிறன்."

அந்தப் பெண் முனகினாள். மிஸ்ஸி அவளைத் தூக்கிச் சைக்கிளில் இருத்திக்கொண்டு கைதடிப் பக்கம் உருட்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் அந்த இடத்தில் நின்றேன். மஞ்சள் நிறத்தில் எது வந்தாலும் ஓடினேன். ஊர்ச்சனம் கடந்து போகப் போக ஒவ்வொருவரும் கேட்டார்கள், நான் சொன்னேன். 'கண்ணீர் விட்டேன்' என்று எழுதிய ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுக்கும் போக வேண்டியிருந்தது, போய்விட்டாள். அவளில் எனக்குக் கோபம் இல்லை. இன்னொருத்தி கூட வந்தவளின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். கையை விட்டிட்டாளாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

முதல் நாள் மத்தியானம் ஸ்டேசன் மாஸ்டர் வந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டியும் குடையும் மட்டும். விசயத்தைக் கேட்டதும் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் இருந்துவிட்டார்.

"நீங்கள் போங்கோ மாஸ்டர்" என்றேன்.

"நான் எங்கை போறது?" என்றார். குடையை எனக்குப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, வெட்கப்பட்டவர் மாதிரி, "ஒராள் தொலைஞ்ச இடத்திலை நிக்கவேணும் எண்டு நான் கதைக்குத்தான் எழுதினனான் பிள்ளை. உண்மையிலை உது சரியோ எண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் நின்றோம். அவர் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை எடுக்காமல், ரயில் பார்க்கிறவர் மாதிரி. நான் களைத்து இருந்தபோது அவர் நின்றார், அவர் இருந்தபோது நான் நின்றேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் மிஸ்ஸி சைக்கிளில் வந்தார். பாலத்துப் பக்கத்தால் அல்ல, சாவகச்சேரிப் பக்கத்தால், சனம் போகிற திசைக்கு எதிராக. பின்கரியரில் யாருடையதோ ஆண்பிள்ளைச் சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு தர்சினி இருந்தாள்.

டிரக்டரில் வந்த ஒரு குடும்பம், பிள்ளை நசிபடப் போகிறது என்று தூக்கி மேலே இருத்தியிருக்கிறது. தாயைத் தேட நிறுத்த முடியாமல் கொடிகாமம் வரை கொண்டுபோய்விட்டது. பெயர் கேட்டதற்குத் தன் பெயர் சொன்னாளாம். தாயின் பெயர் என்ன என்றதற்கு அம்மா என்றாளாம். உன்னை ஆருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். "மிஸ்ஸிக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள். எந்த மிஸ்ஸி என்று விளங்காமல் அவர்கள் கொடிகாமத்து மருத்துவிச்சியிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். மிஸ்ஸியோ கைதடி மருத்துவிச்சிக்குச் சொல்லி, கைதடியில் இருந்து சாவகச்சேரிக்கு, அங்கிருந்து கொடிகாமத்துக்கு என்று மஞ்சள் சட்டையின் விவரத்தை முதல் நாளே அனுப்பியிருந்தார். அன்று மத்தியானம் கைதடியில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டிலில் அந்தப் பெண்ணுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அதைக் கழுவிக் கிடத்திவிட்டுத்தான் தானும் சைக்கிளில் தேடப் புறப்பட்டிருக்கிறார்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். தர்சினி என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் கையை விட்டிட்டியள்" என்றாள்.

மிஸ்ஸி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். "சோறு குடு. நிறை குறைஞ்சிருக்கும்" என்றார். போய்விட்டார்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் பதினொரு குடும்பம். மிஸ்ஸிக்கு அங்கேயும் வேலைதான், முன்னையிலும் பார்க்கக் கூட. மாமரத்தில் தராசைக் கட்டி நிறை பார்த்தார். வயிற்றோட்டத்துக்கு உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்தார். ஆனால் ஏசவில்லை. ஒருத்தி பிள்ளையை ஊத்தை வாய்க்கால் கரையில் விட்டுவிட்டுத் தண்ணீர் வரிசையில் நின்றாள். மிஸ்ஸி பிள்ளையைத் தூக்கிக் கொண்டுவந்து அவள் இடுப்பில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அந்தத் தாய் என்னிடம் வந்து சொன்னாள்:

"மிஸ்ஸிக்கு என்ன வருத்தம்? ஏசினாலாவது எங்களை ஒராள் பாத்துக்கொண்டிருக்கிறா எண்டு இருக்கும்."

எல்லோரும் களைப்பு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. என்னால்தான் என்று நினைத்தேன். என்னை ஏசாமல் மற்றவர்களை ஏசுவது நியாயமில்லை என்று விட்டுவிட்டார், நான் ஏச்சு வாங்குவதற்குக்கூடத் தகுதியில்லாதவள், அதுதான் அவருடைய அபிப்பிராயம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அதையே நினைத்து நினைத்து எனக்கு அலுத்துப்போயிற்று.

ஒரு நாள் காலை கிணற்றடியில் அவர் தனியாக நின்றார். நான் நேரே போய்க் கேட்டேன்.

"மிஸ்ஸி, ஏன் என்னை ஏசேல்லை?"

வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தார்.

"நான் அவளைக் கண்டனான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"பாலத்திலை ஏறேக்கை திரும்பிப் பாத்தனான். டிரக்டருக்குப் பக்கத்திலை மஞ்சள் சட்டையோடை தனிய நிண்டவள். நீ பின்னாலை வருவாய் எண்டு நினைச்சன். சைக்கிளிலை இருந்த இவள் என்ரை கையைப் பிடிச்சு நோவிலை கத்துறாள். சைக்கிளை விட்டால் விழுவாள். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். 'பிள்ளையைப் பிடியுங்கோ' எண்டு ஆருக்காவது கத்தியிருக்கலாம். கத்தேல்லை. நடந்திட்டன்." பிறகு சொன்னார்: "நீ வந்து நிக்கேக்கை எனக்கு முதலே தெரியும், பிள்ளை இல்லை எண்டு."

வாயைத் திறந்தேன். மிஸ்ஸியின் ஏச்சு முழுவதும் என் வாயால் வந்தது.

"எத்தினை தாயளை அழப்பண்ணினனீங்கள்! எத்தினை பேரைத் தலைகுனிய வைச்சனீங்கள்! கண்ட பிள்ளையைக் கூப்பிட ஒரு வாய் இல்லையோ? ஆருக்கும் நடக்காது எண்டு எழுதினியளே, சிவப்புப் பென்சிலாலை!"

"ஓம். எழுதினனான்."

"ரெண்டு நாள் நிண்டன் மிஸ்ஸி! ரெண்டு நாள்!"

"ஓம்."

தண்ணீருக்கு வந்த பெண்கள் தூரத்தில் நின்றுவிட்டார்கள். மிஸ்ஸி கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, அவரிடம் ஏச்சு வாங்குகிற தாய்மார் நிற்பது போலவே நின்றார். நான் களைத்து நிறுத்தினேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாளித் தண்ணீர் கைதடியில் பெற்ற அந்தப் பெண்ணின் பிள்ளையைக் குளிப்பாட்ட என்பது எனக்குத் தெரியும்.

நான் ஒரு பை அரிசிக்குக் குனிந்தேன். மிஸ்ஸி பிறக்கப்போகிற ஓர் உயிருக்காக நடந்தார். இரண்டும் ஒன்றல்ல. ஏசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று நான் அதைச் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மாமரத்தடியில் நிறை பார்த்தார்கள். நான் தர்சினியையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மிஸ்ஸி கூட்டிவந்த அந்தப் பெண், கையில் ஒரு மாதப் பிள்ளை. மிஸ்ஸி அதை வாங்கித் தராசில் தொங்கவிட்டார். ஊசி நின்ற இடத்தைப் பார்த்தார். அட்டையில் குறித்தார். வாய் திறக்கவில்லை. முகம் ஒடுங்கிப்போயிருந்தது.

"மிஸ்ஸி" என்றேன். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "அண்டைக்கு நீங்கள் நடந்தபடியால்தான் உந்தப் பிள்ளை இருக்குது. நிண்டிருந்தால் ரெண்டு உயிர் போயிருக்கும். என்ரை பிள்ளையையும் நீங்கள்தான் கொண்டுவந்தனீங்கள். அதை நான் அண்டைக்கே சொல்லியிருக்கவேணும்."

மிஸ்ஸி பிள்ளையை இறக்கித் தாயிடம் கொடுத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் தர்சினியைக் கிட்ட இழுத்து, அவளுடைய தலைமயிரை இரண்டு கையாலும் பிரித்தார்.

"உதைச் சொல்ல வந்திட்டாய். இந்தப் பெட்டையின்ரை தலையைப் பாத்தனியோ?" குரல் மெல்லத்தான் தொடங்கியது. "காதடியிலை பேன் நெளியுது. இஞ்சை பார், சொறிஞ்சு புண். எத்தினை நாளாப் பாக்கேல்லை? பதினொரு குடும்பத்தோடை படுக்கிற பிள்ளைக்குத் தலை பாக்க நேரமில்லையோ உனக்கு? தாயோ நீ?"

கடைசிச் சொல் பள்ளிக்கூட மதில் வரை கேட்டது. ஏசிக்கொண்டே அவர் பெட்டிக்குள் பேன்சீப்பைத் தேடினார். நான் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் அவசரம் அவசரமாகத் தங்கள் பிள்ளைகளின் தலையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.